டீச்சரின் முதுகு

அவர் ஒரு திருடி. முழு மரியாதையோடுதான் எழுதுகிறேன். 'அவர்' என்று போட்டிருக்கிறேன், கவனியுங்கள்.

மத்தியான மணி அடித்ததும் ஆசிரியர் அறையின் நீள மேசையில் டப்பாக்கள் திறக்கும். எங்கள் எல்லோருடையதையும்விட அவருடைய டப்பாவில்தான் நல்ல சாப்பாடு இருக்கும். வஞ்சிரம் வறுவல், சுறாப் புட்டு, மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு. மூடியைக் கழற்றி மேசையின் நடுவில் வைப்பார். வைத்துவிட்டு நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து எடுத்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருப்பார். எப்போது எடுத்தார் என்பது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாகரிகமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"டீச்சர், ஒரு துண்டு மீன் எடுத்துக்கட்டுமா?"

"கேட்டா கெடையாது."

"அப்போ எதுக்கு நடுவுல வெச்சிருக்கீங்க?"

"யோவ் கவிஞரே, வெச்சேன். உனக்குன்னு குடுத்தேனா? இல்லையே. அந்தாண்ட பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன். இதுக்கு மேல உனக்கு இன்னா பண்ணணும், ஊட்டி விடணுமா?"

அன்றைக்கு அவர் முதுகுக்குப் பின்னால் நான் திருடிய அந்த ஒரு துண்டு வஞ்சிரத்தின் ருசி, பிறகு எந்தக் கல்யாணப் பந்தியிலும் எனக்குக் கிடைக்கவில்லை. எலும்பைக்கூடச் சத்தம் வராமல் கடித்தேன். முப்பத்தைந்து வயது ஆசாமி, அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன், பூனை மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் அவரைப் பார்ப்பதும் ஒரு காட்சி. மீன் பகுதியின் ஈரத் தரையில், சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, கூடைகளுக்கு நடுவில் ஒரு கப்பல் நுழைவதுபோல நுழைவார். பேரம் பேச மாட்டார். சொன்ன விலையைக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, பையை மூடுகிற சாக்கில், பக்கத்துக் குவியலிலிருந்து ஒரே ஒரு இறாலை எடுத்து உள்ளே போட்டுக்கொள்வார். ஒன்றுதான். இரண்டு எடுத்து நான் பார்த்ததில்லை.

அவர் வழக்கமாக வாங்குகிற மீன்கார அம்மாவிடம் ஒருமுறை மெதுவாக விசாரித்தேன்.

"தெரியாமயா இருக்கும்?" என்றாள் அந்த அம்மா, கத்தியை நிறுத்தாமல். "அந்த டீச்சரு வந்தா நான் தலையைத் திருப்பிக்குவேன் சார். ஒரு நாளு தெரியாத்தனமா பாத்துப்புட்டேன். அன்னிக்கி மீனே வாணாம்னு பூட்டாங்க. மூஞ்சி செத்துப் போச்சு, பாவம். எனக்கும் யாவாரம் போச்சு. ஒரு எறா தானே சார், எடுத்துக்கினு போவட்டும்."

அவர் யாரென்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கையில் கொடுத்தது எதுவும் அவருக்கு இறங்காது. எடுத்துக்கொண்டதுதான் இறங்கும். உலகமே அப்படித்தான் இருக்கிறது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை ஒரு பேச்சுப் போட்டியிலும் பேசாமல், ஒரு பயிற்சி முகாமிலும் கைதூக்காமல், நாலாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் வைத்து நடத்தினார். அதுதான் கதை.

ஆள் கனத்த உடம்பு. உடற்பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறுவது ஒன்றுதான் அவர் செய்த பயிற்சி; அதையும் பாதிப் படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இந்த வேலை தேவைதானா என்று தினம் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் முடிப்பார்.

அந்த மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி, புதுச்சேரிக் கடற்கரைக்குச் சில தெருக்கள் இந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரன் காலத்து வீடு ஒன்றில் நடந்தது. சுவரெல்லாம் யானைக்கால் கனம். மாடித் தரை மட்டும் மர உத்தரங்களின்மேல் செங்கல்லைச் செருகிச் சுண்ணாம்பு பூசியது; அதற்கு வயதாகிவிட்டது, மூட்டு தளர்ந்துவிட்டது, மேலே ஒரு பிள்ளை ஓடினால் கீழே பொடி உதிரும். நாலாம் வகுப்புக்கு நேர் கீழே தலைமையாசிரியை அறை. பொடி உதிர்வது அவருடைய டீயில். ஒல்லியான, இஸ்திரி மடிப்புக் கலையாத அம்மா. டீ டம்ளர்மேல் எப்போதும் ஒரு தட்டை மூடி வைத்திருப்பார். பிள்ளைகளுக்கு அவர் 'பெரிய மிஸ்'. அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: மாடியில் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, தாவக்கூடாது. மைதானம் என்று எங்களுக்கு ஒன்று இல்லை. முற்றம் இருந்தது, அதில் எங்கள் ஸ்கூட்டர்கள் விளையாடிக்கொண்டிருந்தன.

நெல்லித்தோப்பிலிருந்தும் சாரத்திலிருந்தும் மாணவர் பஸ்ஸில் வந்து இறங்கும்போது அந்தப் பிள்ளைகள் காற்று. படியேறிப் பெஞ்சில் உட்கார்ந்ததும் சிமெண்டு மூட்டை. சாம்பார் சாதம் உள்ளே போன பிறகு மூட்டைக்கு மூடி போட்டாகிவிடும். கண்கள் திறந்திருக்கும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் வகுப்பு என்னுடையது. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி. அந்தத் தட்டியில் ஒரு விரிசல் இருந்தது. மனிதனுக்கு இதைவிடப் பெரிய சோதனையைக் கடவுள் வைத்ததில்லை.

ஒரு மத்தியானம் அவர் குரல் கேட்டது.

"இதோ பாருங்க. நான் இப்போ போர்டுல ஒரு பெரிய வகுத்தல் கணக்கு போடப் போறேன். போட்டு முடிக்கிற வரைக்கும் திரும்ப மாட்டேன். ஒருத்தரும் எடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பெஞ்சு மேல ஏறக் கூடாது. சன்னல் கம்பியில தொங்கக் கூடாது. பின்பெஞ்சுலேர்ந்து முன்பெஞ்சுக்கு எடம் மாறக் கூடாது. முக்கியமா, கீழ பெரிய மிஸ்ஸு டீயில பொடி விழக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்."

"இன்னா புரிஞ்சுது?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் திரும்பிவிட்டார்.

முதல் நாள் ஒரே ஒரு பெண் எழுந்து நின்று, சுற்றும் முற்றும் பார்த்து, உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அவள் கன்னம் இரண்டும் சிவந்து போயின. அடுத்த நாள் நாலைந்து பேர். வாரம் முடிவதற்குள் விரிசலின் வழியாக நான் பார்த்தது வேறு உலகம். செருப்பைக் கழற்றிவிட்டு, விரல் நுனியில், ஒரு வகுப்பே நடந்துகொண்டிருந்தது. ஒருவன் பெஞ்சிலிருந்து பெஞ்சுக்குக் கால் நீட்டிக் கடந்தான், கொடிமேல் நடக்கும் அணில். இருவர் மேசைக்கு அடியில் தவழ்ந்து மறுபக்கம் முளைத்தார்கள். சன்னல் கம்பியில் இரண்டு பேர், காயப்போட்ட துணிபோல, அசைந்தும் அசையாமலும். தலைகீழாக நின்றான் ஒருவன். விழப்போன அவன் காலைப் பிடிக்க மூன்று கைகள் ஓடின, சத்தமில்லாமல். ஒரு பொடி உதிரவில்லை. ஒரு மூச்சு உரக்கப் போகவில்லை. உடம்பு முழுக்கச் சிரிப்பு, வாயில் மட்டும் பூட்டு. ஓடுவதைவிட ஓடாமல் ஓடுவதற்கு எவ்வளவு தசை வேண்டும் என்று அன்றுதான் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் சட்டை நனைந்திருந்தது.

எதிரே, கரும்பலகையை அடைத்துக்கொண்டு, அந்த முதுகு. வியர்வை ஊறிய ஜாக்கெட், கழுத்தோரம் சாக்பீஸ் தூள், மேலும் கீழும் அசையும் ஒரு முழங்கை. எங்களுக்கு இல்லாத மைதானம் அந்த முதுகின் பின்னால் இருந்தது. கணக்கு முடியும்போது சாக்பீஸால் பலகையை இரண்டு தட்டு. அவர் திரும்புவார். வகுப்பு கைகட்டி உட்கார்ந்திருக்கும்.

"ஏன்டா மூச்சு வாங்குது?"

"சும்மா மிஸ்."

"சும்மாவா? சரி. மீதி எவ்ளோ வருது, சொல்லு."

சொன்னார்கள். அந்தக் கொடுமையையும் எழுதியாக வேண்டும்: கணக்கையும் போட்டிருந்தார்கள். தொங்கிக்கொண்டே.

பள்ளி விட்டதும் முனையிலிருந்த டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"ஒரு தடவையாவது திரும்பிப் பாக்கணும்னு தோணலையா டீச்சர்?"

"தெனம் தோணுது. கழுத்தெல்லாம் வலி."

"அப்போ பாக்க வேண்டியதுதானே?"

"பாத்துட்டா அது என்னுது ஆயிடும். என்னுதை அதுங்க எதுக்குச் செய்யணும்?" என் கையிலிருந்த வடையைப் பிய்த்துக்கொண்டார். "உன்னைக் கவிதை எழுதுன்னு யாராவது உத்தரவு போட்டா எழுதுவியா?"

"பரிசு குடுத்தா எழுதுவேன்."

"அதான் நீ உருப்படல."

அவருடைய வகுப்பில் மரி என்று ஒரு பெண். குடும்பம் பிரெஞ்சு நேஷனாலிட்டி. அப்பா அம்மா பாரிஸ் பக்கம் எங்கோ. இவள் தாத்தாவோடு இங்கே, பிரான்ஸ் போகிற காகிதம் வருவதற்குக் காத்திருந்தாள். தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பேண்ட்டைத் தொப்புளுக்கு மேல் ஏற்றிக் கட்டி, தொப்பி வைத்து, மாதம் ஒருமுறை பள்ளிக்கு வந்து புகார் கொடுப்பார்.

"இவ படு சோம்பேறி மதாம். காலைல எழுப்பி முற்றத்துல நிக்க வெச்சு, அன், தூ, அன், தூன்னு பிரெஞ்சுல எண்ணி, கை காலை ஆட்டச் சொன்னா, நட்டு வெச்ச கம்பம் மாதிரி நிக்குறா. பிரான்ஸ் குளிருல வெறச்சிப் பூடுவா. கொஞ்சம் கண்டிச்சு வையுங்க."

"கண்டிக்கிறேன் முசியே," என்றார் டீச்சர், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

பக்கத்தில் மரி நின்றுகொண்டிருந்தாள். அரைமணிக்கு முன்னால்தான் சன்னல் மேலிருந்த பரணுக்கு ஏறி இறங்கியிருந்தாள், முட்டியெல்லாம் ஒட்டடை. முதல் நாள் எழுந்து நின்ற ஒரே பெண் அவள்தான்.

இப்படி நன்றாகத் திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் கல்வித் துறையிலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஐந்து நிமிடம் வகுப்பறை உடற்பயிற்சி இடைவேளை. வகுப்புக்கு ஒரு டிவி. அதில் ஒரு பொம்மைக் கரடி குதிக்கும், பிள்ளைகள் அதைப் பார்த்துக் குதிக்க வேண்டும். குதித்த பிள்ளைக்கு ஒரு தங்க நட்சத்திர ஸ்டிக்கர். மாடி வகுப்புகள் மட்டும், தரையை உத்தேசித்து, உட்கார்ந்தபடியே கையை மட்டும் குதிக்கவைக்கலாம் என்றார் பெரிய மிஸ். பொறுப்பாசிரியர் யார்? வேறு பொறுப்பு எதுவும் கொடுக்க முடியாதவன். நான்.

முதல் வாரம் என் வகுப்பு ஓடுகிற பஸ்ஸை நிறுத்துவதுபோலக் கையைத் தூக்கியது. இரண்டாம் வாரம், பஸ் போய்விட்டது என்பதுபோல. மூன்றாம் வாரம் ஒருவன் காது வரைக்கும் கையைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"முழுசா தூக்குடா."

"ஸ்டிக்கர் இருக்குதா சார்?"

"தீந்து போச்சு. நாளைக்கு வரும்."

"அப்போ மிச்சத்தை நாளைக்குத் தூக்குறேன் சார்."

தட்டிக்கு அந்தப் பக்கம் கரடிப் பாட்டு கேட்கவே இல்லை. அவர் டிவிமேல் துண்டு போட்டு மூடி, அதன்மேல் அட்டென்டன்ஸை வைத்திருந்தார். அவருடைய ஐந்து நிமிடம் பெரிய மிஸ்ஸுக்குத் தெரிந்தால் தரைக்காகத் தடை வரும். துறைக்குத் தெரிந்தால் அனுமதி வரும். இரண்டில் எது வந்தாலும் அது செத்துப்போகும். கரடி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். யாருக்கும் தெரியாமல் இருக்கும் வரைக்கும்தான் அதற்கு உயிர்.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், சட்டைப்பை நிறைய ஸ்டிக்கர் அட்டையோடு வந்தார். கீழே அறையில் பெரிய மிஸ், தன் பள்ளியின் பெருமையைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார்.

"அஞ்சாவதுல கரடிப் பாட்டு கேக்கும் சார், கொஞ்சம் சத்தந்தான். ஆனா நாலாவது இருக்குதே! என் தலைக்கு மேலதான். மத்தியானத்துல ஆளே இல்லாத மாதிரி இருக்கும். அப்படி ஒரு ஒழுக்கம்."

"ஆளே இல்லாத மாதிரியா?"

"ஆமாங்க சார்."

"அப்போ அங்க பிரேக் விடுறதில்ல."

பெரிய மிஸ்ஸின் பெருமை, பாராட்டு வாங்கப் போய், போகிற வழியிலேயே குற்றச்சாட்டாக மாறிவிட்டது. பாவம், அவருக்கு வாய் மூடவில்லை. பொறுப்பாசிரியனையும் கூட்டிக்கொண்டு மூவரும் மாடி ஏறினோம்.

வகுப்பு எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தது. அதிகாரி நடுவில் நின்று ஒரு நட்சத்திரத்தை உரித்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டார்.

"குழந்தைகளா, எல்லாரும் எழுந்திருங்க. யார் முதல்ல குதிக்கிறீங்களோ அவங்களுக்கு இது. ம்? ஒன், டூ..."

யாரும் குதிக்கவில்லை. எழுந்து நின்றன, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, போட்டோ எடுக்கப் போகிற கல்யாண வீட்டார் மாதிரி.

"ஏன், பிடிக்கலையா?"

மரி கை தூக்கினாள். "சார், குதிச்சா தரை உள்ள பூடும் சார். நேரா பெரிய மிஸ் ரூம்லதான் விழுவீங்க."

அதிகாரி தரையைப் பார்த்தார். பிறகு பேச்சை விடாமலே மெல்ல நகர்ந்து சுவரோரமாக நின்றுகொண்டார். அங்கிருந்து டீச்சரைக் கேட்டார்.

"நீங்க இடைவேளை விடுறீங்களா, இல்லையா?"

ஒரு வார்த்தை போதும். 'தெனமும் நடக்குது சார், இவங்க பண்ணுறதை எந்தக் கரடியும் பண்ணாது' என்று சொன்னால் முடிந்தது. பாராட்டு, கைதட்டல், போட்டோ. சொல்லாவிட்டால் என்னவென்றும் எங்களுக்குத் தெரியும். எங்கள் அரசாங்கம் ஒன்று, ஆனால் மூலைக்கு ஒன்றாகக் கிடக்கிறது. புதுச்சேரி வாத்தியாரைத் தண்டிக்க வேண்டும் என்றால் மாஹே, ஏனாம், காரைக்கால். ஒன்றில் மலையாளம், ஒன்றில் தெலுங்கு. காரைக்கால் இரக்கமுள்ள தண்டனை. அவருக்கோ சாரத்தில் வீடு, வீட்டில் எழுந்து நடக்க முடியாத மாமியார், மாடிப்படிக்கே மன்றாடுகிற முட்டி.

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். 'கேட்டா கெடையாது' என்கிற அதே பார்வை. மூடிக்கொண்டேன்.

"இல்லீங்க சார்," என்றார் டீச்சர். "நான் விடுறதில்ல."

அதில் பொய்யே இல்லை. அவர் ஒருநாளும் விட்டதில்லை. அது பிள்ளைகளாக எடுத்துக்கொண்டது.

"உத்தரவு வந்தது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் விடல. காரைக்கால்ல கணக்குக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க டீச்சர்."

"அங்கயும் மீன் நல்லாதான் கெடைக்கும் சார்."

வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முகமும் அவரிடமிருந்து அதிகாரிக்கும், அதிகாரியிடமிருந்து அவருக்கும் போய்வந்துகொண்டிருந்தது. என்ன நடக்கிறது என்பது அதுகளுக்குப் புரிந்துவிட்டது. நம் மிஸ் நமக்காக மாட்டிக்கொள்கிறார்.

அந்த நேரம் அதிகாரியின் போன் அடித்தது. அந்தக் கனத்த சுவர்களுக்குள் சிக்னல் வராது. சன்னலுக்குப் போய், கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டால்தான் பேசலாம். போனார். மேலதிகாரி போலிருக்கிறது. "சரிங்க சார், ஆமாங்க சார்" என்று வெளியே பார்த்துக்கொண்டு, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு.

முதுகு. நாலாம் வகுப்புக்கு வேறு அழைப்பு வேண்டுமா?

டீச்சர் ஒன்றும் செய்யவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஒரு செருப்பு கழன்றது. பிறகு எல்லாச் செருப்பும். பிறகு வகுப்பு எழுந்தது. வெள்ளம் வீட்டுக்குள் வருவதுபோல, கதவைத் தட்டாமல். மேசைக்கு அடியில் தவழ்ந்தன, பெஞ்சுமேல் நடந்தன, கையூன்றிக் கால் தூக்கின. மரி பரணுக்கு ஏறி, அதிகாரியின் தலைக்கு நேர் மேலே போய் மல்லாந்து படுத்துக்கொண்டாள். இத்தனைக்கும் நடுவில் கேட்டது "சரிங்க சார், ஆமாங்க சார்" மட்டும்தான்.

வாசலில் என் பக்கத்தில் பெரிய மிஸ். இதைத் தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கிறார். ஒழுக்கத்தின் உச்சி என்று இத்தனை மாதம் தலைக்கு மேல் வைத்திருந்த அமைதி, இதோ, தலைகீழாக நிற்கிறது. அவர் வாய் திறந்தது. முடிந்தது, இப்போது கத்துவார் என்று நினைத்தேன். அவர் மேலே பார்த்தார், தரையைப் பார்த்தார், ஒரு பொடிகூட உதிராத தன் இத்தனை மாத டீயையெல்லாம் மனசுக்குள் குடித்துப் பார்த்தார் போலும். வாயை மூடினார்.

அதிகாரி பேசி முடித்து போனைப் பைக்குள் போட்டார். திரும்பப் போகிறார். அதுகள் இன்னும் இடத்துக்கு வரவில்லை. சாக்பீஸ் தட்டுவதற்கு ஆள் இல்லையே!

"சார்!" என்றார் பெரிய மிஸ், அவர் பக்கத்தில் பாய்ந்து. "அப்படியே நில்லுங்க சார். அதோ, அந்தச் செல்போன் டவருக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவுல பாருங்க. கடல் தெரியுது பாருங்க."

அந்தச் சன்னலிலிருந்து கடல் தெரியாது. டவருக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு மருந்துக்கடையின் பின்சுவர்தான் தெரியும்.

"எங்க மேடம்?"

"தொட்டிக்கு அந்தாண்ட சார். நீலமா, நூல் மாதிரி. நல்லா உத்துப் பாருங்க."

அதிகாரி உற்றுப் பார்த்தார். கழுத்தை நீட்டிப் பார்த்தார். குதிகாலைத் தூக்கி, எக்கி, வலப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார். உத்தரவில் சொன்ன அத்தனை அசைவையும் அவர் அங்கே செய்து முடித்தார்; ஸ்டிக்கர் யாரும் கொடுக்கவில்லை.

"ஆமா, ஆமா. தெரியுது," என்றார் கடைசியில். "நல்லா தெரியுது."

திரும்பியபோது வகுப்பு கைகட்டி உட்கார்ந்திருந்தது. மரிக்கு மட்டும் மூக்கில் ஒட்டடை.

"நல்ல காத்து வருது உங்க ஸ்கூல்ல," என்று சொல்லிவிட்டு அதிகாரி கீழே இறங்கினார்.

பெரிய மிஸ் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் தன் அறை புழுங்குகிறது என்று நாற்காலியை முற்றத்துக்கு எடுத்துப் போடச் சொல்லி, ஸ்கூட்டர்களுக்கு நடுவில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும்.

ஆனால் அதிகாரி கேட்டார், டீச்சர் 'விடுறதில்ல' என்று பதில் சொல்லியிருந்தார். கொஞ்ச நாளில் காரைக்கால் உத்தரவு வந்தது. பெரிய மிஸ் இரண்டு முறை துறை அலுவலகத்துக்குப் போய்வந்தார், பலிக்கவில்லை.

கடைசி நாள் டீச்சர் விடைபெறவில்லை, புத்திமதி சொல்லவில்லை. பலகையின் இடது மூலையில் பத்தை மூன்றால் வகுக்க ஆரம்பித்தார். மூன்று, மீதி ஒன்று. மூன்று, மீதி ஒன்று. நாலாம் வகுப்புக்குச் சொல்லித்தராத கணக்கு. முடியவே முடியாத கணக்கு. பலகை நிறைந்ததும் அழித்துவிட்டு மறுபடி இடது மூலைக்குப் போனார். பள்ளி விடும் மணி அடிக்கும் வரைக்கும் சாக்பீஸ் தட்டவே இல்லை. பின்னால் அதுகள் களைத்து, வேர்த்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து உட்கார்ந்துவிட்ட பிறகும் அவர் எழுதிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் சாக்பீஸை வைத்துவிட்டு, திரும்பாமலே, பக்கவாட்டில் வாசலுக்குப் போனார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டதை, வாசலில் நின்றதால், நான் பார்த்தேன்.

புதிதாக வந்த டீச்சருக்கு முதுகே கிடையாது. கணக்கெல்லாம் திரையில் தானாக வருகிறது. அவர் பிள்ளைகளைப் பார்த்தபடியே இருக்கிறார். அந்த ஐந்து நிமிடத்துக்கு அதுகள் இப்போது என்ன செய்கின்றன என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தட்டியின் விரிசல்மேல் நானே ஒரு காலண்டரை மாட்டிவிட்டேன்.

இரண்டு மூன்று மாதம் கழித்துக் காரைக்காலுக்குப் போன் போட்டேன்.

"எப்படி இருக்கீங்க டீச்சர்? மாமியார்?"

"கூட்டியாந்துட்டேன். இங்கத்து மீனைத் திட்டிக்கினே ரெண்டு வேளை தின்றாங்க."

"ஸ்கூலு?"

"அதை ஏன் கேக்குற. எல்லாம் தரையில கட்டின ஸ்கூலு. மைதானம்னா மைதானம், எங்கூர் பஸ் ஸ்டாண்டு அளவுக்கு மணலு. வந்த அன்னிக்கே பாத்தேன், ஒரு பிள்ளை கிடையாது. போய் வெளையாடுங்க, போய் வெளையாடுங்கன்னு மைக்ல சொல்லிக்கினே இருக்காங்க. எல்லாம் வராண்டாவுல குந்திக்கினு மைக்கைப் பாக்குதுங்க."

"அய்யய்யோ. இன்னா பண்ணீங்க?"

"பூட்டிட்டேன்."

"எதை?"

"மைதானத்தை. கேட்டுக்குப் பூட்டு, சாவி என் இடுப்புல. யாரும் உள்ள போகக் கூடாதுன்னு மைக்ல நானே சொன்னேன்."

"சுவர் எவ்ளோ உயரம் டீச்சர்?"

"ஏறக்கூடிய உயரந்தான்."

சிரித்துவிட்டேன். அப்போதுதான் போனுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. தொப். மணலில் ஏதோ விழுகிற சத்தம். கொஞ்சம் விட்டு, தொப். பிறகு தொப், தொப், தொப், மழை பிடித்துக்கொண்டதுபோல.

"டீச்சர், பின்னால அது இன்னா சத்தம்?"

"எந்தச் சத்தம்?" என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே. நான் இந்தாண்ட பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன்."